சுக்கு வாயைத் திறந்த ஞாயிறு

ஒரு பின்னேரம் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 2025 ஜனவரி கடைசிக் கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறை மேசை. ஒன்பது கிராம் எடையுள்ள ஒரு உயிரை இடது கையில் பிடித்துக்கொண்டு, காலாவதியான வங்கி அட்டையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டால் அதன் வாயைத் திறக்கப் பார்த்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது. முன்காலால் என் பெருவிரலைத் தள்ளியது. தள்ளுகிற பலமே இல்லை, ஈரத்தாள் ஒட்டியது போல இருந்தது. கீழ்த்தாடை என் விரலுக்கு வளைந்து கொடுத்தது. எலும்பு அப்படி வளையக் கூடாது என்று அந்த நிமிடமே தெரிந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அரைத்த உணவில் ஒரு சொட்டு உள்ளே போனது, மிச்சம் வெளியே வழிந்தது, உதட்டோரத்தில் ஒரு சின்ன இரத்தத் துளி. மகன் கதவடியில் நின்று பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போய்விட்டான்.

அது ஒரு பியர்டட் டிராகன் குட்டி. தாடி ஓணான் என்று சொல்லலாம். ஊர் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அந்த நாடு தன்னுடைய ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. ஆகவே உலகத்துக் கடைகளில் இருப்பவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டுக்குள் பிறந்து வளர்ந்தவைதான். மகன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டிசம்பர் லீவில் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஏழு குட்டிகள். ஆறு ஒன்றன்மேல் ஒன்றாக லைட்டுக்குக் கீழே கிடந்தன. ஏழாவது, எல்லாவற்றிலும் சின்னது, மூலையில் நின்று ஒரு முன்காலை மெதுவாக உயர்த்தி வட்டம் போட்டு இறக்கியது. "அம்மா, எனக்குக் கை காட்டுது!" என்றான். அந்த ஒரு கையசைப்புக்காகவே அதை வாங்கினோம்.

அதன் அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. இந்த இனத்தில் கையைத் தூக்கிச் சுற்றுவது சின்னது பெரியதற்குச் சொல்கிற செய்தி: நான் உனக்குப் போட்டி இல்லை, என்னை விட்டுவிடு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதும் பாசம் இல்லை. மேலே கிடப்பதற்குச் சூடு, கீழே கிடப்பதற்கு நிழல். எங்களுடையதின் வால் நுனியை ஏதோ ஒன்று முன்னரே கடித்து எடுத்திருந்தது. பிறந்த நாள் முதல் அந்தத் தொட்டிக்குள் அது கையைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணாடியில் தன்னுடைய நிழலைக் கண்டு தூக்கியது. நாங்களோ டாட்டா காட்டுகிறது என்று படம் எடுத்தோம்.

மூன்று மாதக் குட்டி என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து சமையல் தராசில் வைத்தபோது 11 கிராம். முட்டையை விட்டு வரும்போதே இரண்டு மூன்று கிராம் இருக்கும். மூன்று மாதத்தில் முப்பது கிராமையாவது தாண்டியிருக்க வேண்டும். லைட்டைப் பற்றிக் கேட்டேன். "மிஸ், கொழும்பு வெக்கைக்கு லைட் எல்லாம் பெரிசா தேவையில்ல. அது குளிர் நாட்டுக்காரங்களுக்கு" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. காலி வீதியில் ஒரு மணித்தியாலம் நின்றால் சீலை முதுகோடு ஒட்டுகிற ஊரில் ஒரு ஓணானுக்குச் சூடு போதாமல் போகுமா? பேருக்கு ஒரு சின்ன பல்ப், புறஊதாக் கதிர் தருகிற ஒரு யூவீ டியூப், ஒரு கண்ணாடித் தொட்டி. மகனுடைய அறையில் வைத்தோம். அந்த அறையில் இரவில் ஏசி ஓடும்.

நோஞ்சான்

என் அம்மாதான் பெயர் வைத்தவ. மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம், முடிச்சு முடிச்சாக உடம்பு, சுருங்கிய தோல். "உது சுக்குத் துண்டு மாதிரியெல்லே கிடக்கு" என்றா. அதற்கு முதல், "வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதை உங்கட கதை" என்றும் சொல்லியிருந்தா. ஆனால் பெயர் வைத்த நாளிலிருந்து காலையில் எழுந்து முதலில் எட்டிப் பார்ப்பது அவதான்.

சுக்கு சாப்பிடவில்லை. முதல் கிழமை இரண்டு கிரிக்கெட் பூச்சி. இரண்டாவது கிழமை ஒன்று, அதுவும் காலை மட்டும் கடித்துவிட்டுத் துப்பியது. நாங்கள் போட்டவை பெரிய பூச்சிகள். இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரியதாக எதையும் கொடுக்கக் கூடாது என்று அப்போது தெரியாது. மிச்சம் விட்ட பூச்சிகள் இரவில் அதன் விரலைக் கடித்தன. மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்குள் எண்ணுவான். "பத்துப் போட்டனான், பத்தும் நிக்குது." ஜனவரி நடுவில் 10 கிராம், கடைசியில் 9. நான் பக்கத்திலுள்ள ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டபோது, நாய் பூனை மட்டும்தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

சாப்பிடாத பிள்ளையைக் கண்டால் எனக்குக் கை பதறும். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது என் தம்பிக்கு இரண்டு வயது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்களோடு இருந்தோம். அவன் மூன்று நாள் ஒன்றும் தின்னவில்லை. அம்மா அவனை மடியில் கிடத்தி, நான் கையைப் பிடிக்க, மூக்கை அமத்திக் கஞ்சியை ஊற்றினா. அவன் கத்தினான். விழுங்கினான். பிழைத்தான். இன்று ரொறன்ரோவில் ஆறடிக்கு நிற்கிறான். வாயைத் திறக்க வைத்தால் பிழைக்கும் என்பது எனக்குள் அப்படிப் பதிந்து போயிருந்தது. அந்தப் பின்னேரம் சமையலறையில் என் கையில் இருந்தது அந்தப் பாடம்தான்.

அது பிழையான பாடம். இவற்றின் மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. தெரியாத கை உணவைத் தள்ளினால் அது சுவாசப்பைக்குப் போகும். இன்னொன்று, இவற்றின் உச்சந்தலையில் ஒரு செதிலுக்குக் கீழே மூன்றாவது கண் ஒன்று உண்டு. உருவம் தெரியாது, ஆனால் ஒளியும் நிழலும் தெரியும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து. நான் ஒவ்வொரு முறையும் மேலிருந்துதான் கையை இறக்கியிருக்கிறேன்.

கரண்ட் போன ஞாயிறு

பெப்ரவரி 9. நாடு முழுக்கக் கரண்ட் போன நாள், எல்லாருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் என்று அமைச்சர் பிறகு சொன்னார். முற்பகல் பதினொன்றரை மட்டில் மின்விசிறி நின்றது. மகன் தொட்டியடியிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, சுக்குவின்ர லைட்டும் போட்டுது." சுக்கு கறுத்துப் போய்க் கிடந்தது. வயிற்றில் கரும்புள்ளி வரிசை. கண் அரைவாசி மூடியிருந்தது. கையில் எடுத்தேன், குளிர்ந்திருந்தது. வெளியே 31 பாகை வெயில், வீட்டுக்குள் எங்களுக்கு வியர்க்கிறது, அது குளிர்ந்திருந்தது.

அம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்தா. கொஞ்ச நேரம் பார்த்தா. "பிள்ளை, வேலியில நிக்கிற ஓணானை நீ பாத்ததில்லையே? காலமை வெயில் காயாமல் அது ஒரு பூச்சியையும் தொடாது. விடியப்புறம் கறுப்பா, தடி மாதிரி நிக்கும். கையால பிடிக்கலாம். வெயில் ஏறினாப் பிறகு ஈர்க்கில் சுருக்குப் போட்டாலும் அம்பிடாது." அம்மாவின் அண்ணன்மார் கிடுகு வேலியோரம் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்த காலத்துக் கதை அது. ஆறு கிழமையாக நான் போனில் ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவுஸ்திரேலியாவின் டிராகனைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம் என்பதையும் யோசிக்கவில்லை.

லிஃப்ட் இல்லை. ஐந்து மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போனோம். தொட்டியோடு தூக்கப் போன மகனை அம்மா மறித்தா. "கண்ணாடிக்குள்ள வெயில்ல வைச்சா அவிஞ்சு போயிடும்." துளைகள் உள்ள உடுப்புக் கூடையை எடுத்தோம். ஒரு பாதிக்கு அம்மாவின் பழைய நூல் சீலையை மடித்துப் போட்டோம், மறுபாதி திறந்த வெயில். தண்ணீர்த் தாங்கியில் இரண்டு காகம் வந்து குந்தின. மகன் குடையை விரித்துக்கொண்டு கூடைக்கும் காகத்துக்கும் இடையில் நின்றான். மரைன் டிரைவுக்கு அப்பால் கடல் கண்ணைக் கூசவைத்தது.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது விலா எலும்புகளை இரண்டு பக்கமும் விரித்தது. உடம்பு பருத்தித்துறை வடை மாதிரித் தட்டையானது. ஒரு பக்கத்தைச் சற்றே உயர்த்தி, முதுகு முழுவதும் வெயிலுக்கு நேராக வருமாறு சாய்த்துக்கொண்டது. இப்படி ஒரு அசைவை அதனிடம் நாங்கள் கண்டதே இல்லை. கறுப்புத்தான் முதலில் வெயிலைக் குடிக்கிறது. உடம்பு சூடாகச் சூடாக அந்தக் கறுப்பு வடிந்தது. சாம்பல், பிறகு மணல், பிறகு கழுத்தடியில் ஒரு வெளிர்மஞ்சள், யாரோ மஞ்சளை உரசிப் பூசியது போல. கண்கள் வட்டமாகத் திறந்தன. கண்ணைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு வளையம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நிமிடமோ பதின்மூன்றாம் நிமிடமோ, சுக்கு வாயைத் திறந்தது.

முழுவதாகத் திறந்து அப்படியே வைத்திருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு, நடுவில் நாக்கு. உதட்டோரத்தில் நான் போட்ட காயத்தின் பொருக்கு. மகன் பயந்துபோய், "அம்மம்மா, மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கோ?" என்றான். "இல்லையப்பன், சூடு போதும் எண்டு சொல்லுது. கொஞ்சம் பொறு, தானா நிழலுக்குப் போகும்" என்றா அம்மா. போனது. எங்கள் வீட்டில் ஒருநாளும் நடந்து பார்க்காத ஒரு நடையில், வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி, சீலையின் நிழலுக்குள் போய் நின்றது. நான் அந்த இடத்தில் குந்திவிட்டேன். அட்டைத் துண்டால் நெம்பியும் திறக்காத வாய். அதற்கு வேண்டியிருந்தது கால்மணி நேர வெயில்.

மகன் பூச்சிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். ஆகச் சின்னதாக ஒன்றைத் தேடியெடுத்துக் கூடையின் தரையில், முகத்துக்கு முன்னால் விட்டான். சுக்கு தலையை ஒரு பக்கம் சரித்தது. ஒரு கண்ணால் அளந்தது. நாக்கு வெளியே வந்து பூச்சியில் ஒட்டி உள்ளே போனது. நொறுக்கென்று ஒரு சத்தம். கரண்ட் இல்லாத கொழும்பில் அந்தச் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

பத்துப் பாகை

அடுத்த கிழமையே ஊர்வன பார்க்கிற ஒரு வைத்தியரைத் தேடிப் பிடித்தோம். அவர் என்ன சாப்பிடுகிறது என்று முதலில் கேட்கவில்லை. "அது படுத்திருக்கிற இடத்தில எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்டார். கொழும்பு, முப்பத்தொன்று என்றேன். "நான் கொழும்பைக் கேக்கேல்ல" என்றார்.

இந்தக் குட்டிகளுக்கு வெயில் காயும் இடத்தில் 40 பாகை மட்டில் வேண்டும், தொட்டியின் மறுமுனையில் 26, 27 போல இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் தானாகப் போய்வர வேண்டும். எங்கள் பல்புக்குக் கீழே அளந்தால் 32. கொழும்பின் வெக்கை நம்மை வாட்டுவது ஈரப்பதத்தால். வியர்வை காயாததால் நமக்கு அது நெருப்பாகத் தெரிகிறது. வியர்க்காத ஒரு ஓணானுக்கு அது வெறும் 31 பாகைதான், இன்னும் கிட்டத்தட்டப் பத்துப் பாகை குறைவு. அந்தச் சூடு இல்லாவிட்டால் வயிறு வேலை செய்யாது. வயிறு வேலை செய்யாத உடம்பு பசியை எழுப்பாது. நான் பலவந்தமாகப் புகட்டியது உள்ளே போயிருந்தாலும் செரிக்காமல் கிடந்து கெட்டுப்போயிருக்கும் என்றார். மாடியில் அன்று பசி வந்தது சூட்டால். வெயிலின் மற்ற வேலை மெதுவாக நடப்பது. புறஊதாக் கதிர் தோலில் பட்டு விட்டமின் டி உண்டாகி, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய் உருமாறி, அதற்குப் பிறகே குடல் கல்சியத்தை உறிஞ்சும். எங்கள் யூவீ டியூப் கண்ணாடி மூடிக்கு மேலே இருந்தது. எலும்புக்கு வேண்டிய அந்தக் கதிரைக் கண்ணாடி விடாது. ஆறு கிழமை நாங்கள் எரித்தது வெறும் வெளிச்சம். தாடை ஏன் வளைந்தது என்பதை அவர் சொல்ல முன்னரே விளங்கிவிட்டது.

மலத்தைப் பரிசோதித்ததில் குடல் ஒட்டுண்ணியும் இருந்தது. மருந்து தந்தார், மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் நக்கிக்கொள்ளும் கல்சியப் பாணியும் தந்தார். வாயை இனித் திறக்க வேண்டாம் என்றார். முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியாகத்தான் சாப்பாடு.

தொட்டியை முன்னறைக்கு மாற்றினோம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை. டியூப் வலைக்கு உட்புறம். பல்பை மாற்றி, அதற்குக் கீழே வீடு கட்டுகிற இடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஒரு செங்கல். சூடு செங்கலில் ஊறி வயிற்றுக்கும் ஏறும். தன் நிழலைக் கண்டு கை தூக்காதபடி மூன்று பக்கக் கண்ணாடிக்கும் மட்டைத்தாள் ஒட்டினான் மகன். அதற்குப் பிறகு அது கை தூக்கி நான் பார்க்கவில்லை. லைட் எரிந்து அரைமணி நேரம் கழித்துத்தான் முதல் சாப்பாடு. ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நிமிடம் தின்னக்கூடியவரை சின்னச் சின்னப் பூச்சி. பூச்சிக்கே முதல்நாள் பூசணியும் முருங்கை இலையும் கொடுத்து, கொடுக்கிற நேரம் கல்சியத் தூளில் புரட்டி எடுக்க வேண்டும். கிரிக்கெட் பூச்சியில் கல்சியம் மிகக் குறைவு, பொசுபரசு அதிகம். கீரையை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டா. முருங்கை இலை, செவ்வரத்தம் பூ, துருவிய பூசணி. பசளியை நான் மறித்தேன், அதிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைக் கட்டிப்போடும். வளவுகளில் பூச்சி பிடிப்பதையும் மறித்தேன். மருந்தடித்த பூச்சி ஒரு பயம். அதைவிட மின்மினி பயம். ஒரே ஒரு மின்மினி போதும் இந்த உயிர் போக.

நிறை அம்மாவின் பால்கணக்குக் கொப்பியில் ஏறியது. பெப்ரவரி 16, 10 கிராம். மார்ச் 2, 15. சித்திரை வருடப்பிறப்பன்று 38. அந்தப் பக்கத்தில் அம்மா குங்குமம் வைத்திருக்கிறா. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கி உடுப்பெல்லாம் காயாமல் மணத்தபோது சாப்பாடு மறுபடி குறைந்தது. வறண்ட நிலத்து உயிருக்கு எங்கள் ஈரக்காற்று ஆகாது. தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்து, பகலில் சின்ன விசிறி ஒன்றை வலைப்பக்கம் வைத்துச் சமாளித்தோம். வெயில் எறிக்கிற ஞாயிறுகளில் கூடை, சீலை, குடை, ஐந்து மாடி.

இன்றைக்கு 214 கிராம். இந்த இனத்தின் வளர்ந்த ஆணுக்கு இது குறைவு. அது தன் வயதுக்காரரை ஒருநாளும் எட்டாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கீழ்த்தாடை கெட்டியாகிவிட்டது, ஆனால் இடது பக்கம் ஒரு சின்ன வளைவு நிரந்தரமாக நின்றுவிட்டது. மகனின் தோளில் ஏறி அவன் கணக்குச் செய்யும்வரை இருக்கும். அம்மா தேவாரம் படிக்கும்போது அவவின் மடியில் கண்ணை மூடிக் கிடக்கும்.

என் கையைக் கண்டால் இன்னும் ஒரு கணம் உடம்பு தட்டையாகும், தாடி கறுக்கும். நான் கையைத் தொட்டியின் தரையில், உள்ளங்கை மேலே பார்க்க வைத்துவிட்டுக் காத்திருப்பேன். சில நாள் பத்து நிமிடம் ஆகும். சில நாள் வராது. இன்று காலை செங்கலை விட்டு இறங்கி வந்து, என் சுட்டுவிரலை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, திரும்பிச் சூட்டுக்கே போய்விட்டது.